எண்ணாமல் கழற்றிய திருகு

சில மாதங்களாக ஒரு சிறு சஞ்சலம் என் மனத்தை விட்டு அகலவில்லை. வெளியே சொன்னால் அற்பமாகத் தோன்றக்கூடிய விஷயம்தான். ஆனாலும் இரவில் விளக்கை அணைத்தபின், அன்றைய காரியங்களும் கவலைகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்து அடங்கியபின், கடைசியில் மிஞ்சி நிற்பது அதுவாகவே இருக்கிறது. மழைக்காலத்தில் இரண்டு மாதம் ஓடாமல் நின்றுபோன என் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சுத்தம் செய்ய உட்கார்ந்தவன், அதன் பக்கவாட்டில் சுருள்வில் ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கும் சின்னஞ்சிறு பித்தளைத் திருகை, அது எத்தனை சுற்று உள்ளே இருந்தது என்று எண்ணிக்கொள்ளாமலே வெளியே எடுத்துவிட்டேன். எண்ணவேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. முதலில் அதை மெல்ல உள்ளே செலுத்தி, அது போய் அமருகிறவரையில் எத்தனை சுற்று, அதற்குமேல் எத்தனை கால் சுற்று என்று குறித்துக்கொண்டு, அதன்பிறகே கழற்றவேண்டும் என்று என் மேஸ்திரி பலமுறை சொல்லியிருக்கிறார். 2019இல் அவர் பட்டறையை மூடுவதற்குச் சில நாள் முன்னால் கடைசியாக அந்தத் திருகைத் தொட்டவரும் அவர்தான். அதற்குப் பிறகு, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிச் சுத்தம் செய்தபோதெல்லாம், அந்த ஒன்றை மட்டும் நான் தொடாமல் காத்து வந்தேன். அன்றைக்குக் கிண்ணத்தின் அடியில் பெட்ரோல் வற்றிப்போய்ப் பச்சை பூத்துக் கிடந்ததைக் கண்ட பதற்றத்தில், புத்தி நினைப்பதற்குள் கை முந்திக்கொண்டது. வெள்ளைத் துணியின்மேல் அந்தத் திருகு கிடந்தபோதுதான், ஒருவருடைய கை வைத்துவிட்டுப் போன நிலையை நான் அழித்துவிட்டேன் என்பது உறைத்தது.

அந்தத் திருகு செய்கிற காரியம் மிகச் சிறியது. இன்ஜின் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். வாஸ்தவத்தில் பெட்ரோலை மேலே அனுப்புவது ஆகாயத்தின் பாரம். கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலின் மேற்பரப்பை வெளிக்காற்று சதா அழுத்திக்கொண்டிருக்கிறது. இன்ஜினுக்குள் போகிற காற்று ஒரு குறுகலான கழுத்தின் வழியாக விரையும்போது அந்த இடத்தில் மட்டும் அழுத்தம் சற்று இளகுகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பெட்ரோலை ஜெட்டின் ஊசித்துவாரத்தின் வழியாகத் தள்ளிப் பூத்தூறலாகச் சிதற வைக்கிறது. ஓட்டம் விரைந்தால் அழுத்தம் குறையும் என்கிற இந்த சூட்சுமத்தை 1738இல் பெர்னூலி எழுதி வைத்தார். குறுகலான அந்தக் கழுத்துக்கு இத்தாலியரான வென்டூரியின் பெயர் நிலைத்தது. 1893இல் மேபாக் அதைக்கொண்டு பெட்ரோலைத் தூவுகிற கார்புரேட்டரைச் செய்தார். ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிவதற்கு எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது கணக்கு. எடையில் சொன்னால் மனத்தில் பதிவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று, அதாவது ஒரு சின்னப் பூஜை அறை கொள்ளுகிற காற்று முழுவதும் வேண்டும் என்று சொன்னால் ஒருவாறு விளங்கும். கைப்பிடியை முறுக்காமல், பட்டறையில் 'ஸ்லோ' என்கிறார்களே, வண்டி நின்ற இடத்தில் தானாகத் துடித்துக்கொண்டிருக்கும் அந்த நிலையில், பிரதான வழியெல்லாம் ஏறக்குறைய அடைபட்டிருக்க, பைலட் ஜெட் என்கிற மிக நுண்ணிய துவாரத்தின் வழியாக மட்டுமே ஆகாரம் போகிறது. அந்த ஆகாரத்தில் எவ்வளவு காற்று முன்கூட்டியே கலக்கவேண்டும் என்பதைத் தன் கூரிய நுனியால் தீர்மானித்துக்கொண்டிருப்பது ஏர் ஸ்குரூ எனப்படும் இந்தத் திருகு. உள்ளே போனால் காற்று குறைந்து பெட்ரோல் ஓங்கும்; வெளியே வந்தால் காற்று ஓங்கும். 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒற்றை சிலிண்டர், விநாடிக்கு ஏழெட்டு முறை எரிந்து அடங்குகிற அந்த நிதானத்துக்கு ஆதாரம் அரைச் சுற்றுக்குள் அடங்கிவிடுகிற ஓர் அசைவு.

புதிதாகத் தொடுகிறவர்கள் முதலில் இடறுகிற இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் ஒப்பவில்லை. எல்லாக் கார்புரேட்டர்களிலும் இந்தத் திருகு ஒரே குணத்துடன் இருப்பதில்லை. ஏர் ஃபில்டர் பக்கமாக அமைந்திருந்தால் அது காற்றை ஆளுகிறது. இன்ஜின் பக்கமாக அமைந்திருந்தால் பெரும்பாலும் பெட்ரோலை ஆளுகிறது. ஆகவே ஒன்றில் வெளியே திருகினால் கலவை வறண்டு போகும், மற்றொன்றில் அதே அசைவு கலவையைக் கொழுக்க வைக்கும். ஒரே மாதிரி பித்தளைத் தலை, ஒரே மாதிரி சுருள்வில், பலன் மட்டும் நேர் எதிர். நல்ல எண்ணத்தோடு செய்கிற ஒரு காரியம் இடம் மாறியதும் விபரீதமாகிப் போவதை நான் வேறு எங்கெங்கோ கண்டிருக்கிறேன். ஒரு வீட்டில் மௌனம் மரியாதையாகக் கொள்ளப்படுகிறது, அடுத்த வீட்டில் அதுவே அவமதிப்பாகிவிடுகிறது. இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும். திருகை உள்ளே செலுத்தும்போது அது போய் அமர்ந்ததை விரல் நுனி உணர்ந்த கணமே நின்றுவிடவேண்டும். இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினால் கூர்நுனி போய் உட்காருகிற இருக்கை சிதைந்து, பிறகு எந்தச் சுற்றுக் கணக்கும் அங்கே செல்லாது. மேஸ்திரி இந்தக் காரியத்துக்கு நீளமான பிடியுள்ள திருப்புளியை எடுக்கமாட்டார். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே அடங்குகிற ஒரு குட்டைத் திருப்புளி அவரிடம் இருந்தது. பிடியின் மரம் வியர்வையில் கறுத்துப் பளபளத்திருக்கும்.

அவருடைய பட்டறை தண்டையார்பேட்டையில், ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது. 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா கம்பெனி புல்லட் வண்டிகளைச் செய்துவந்த திருவொற்றியூர் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டருக்குள்தான். ஆகவே அந்த வட்டாரத்தில் புல்லட்டின் சப்தம் தெரியாத செவி அபூர்வம். அவர் குளிர்ந்த வண்டியைத் தொடவே மாட்டார். "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார்" என்று என்னை அனுப்பிவிட்டு, நான் திரும்பி வந்ததும் சிலிண்டரின் செதில்களுக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்ப்பார். பிறகு ஸ்லோ ஸ்குரூவைச் சற்று ஏற்றி வைத்துவிட்டு, இடது கையைப் பெட்ரோல் டாங்கின்மேல் பதித்து, வலது கையால் ஏர் ஸ்குரூவை இம்மி இம்மியாக வெளியே எடுப்பார். அப்போது அவர் முகம் வண்டியின் பக்கம் இராது. எதிரே தெருவில் போகிற தண்ணீர் லாரியையோ, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளையோ பார்த்தபடி இருக்கும். முதலில் துடிப்பு விரையும். பின் மெலிந்து, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே ஒரு நடுக்கம் புகும். அந்த இடத்தில் நிறுத்தி, உள்ளே திருப்பத் தொடங்குவார். மறுபடி விரைந்து, மறுபடி தணிந்து, இப்போது துடிப்பு கனத்து, தொண்டையில் சளி கட்டியவன் பேசுவதுபோல் மந்தமாகி, புகைக்குழாயிலிருந்து கண்ணைக் கரிக்கிற வாடை எழும். விளக்குத் தலைமேல் பதித்திருக்கும் ஆம்ப்மீட்டரின் முள் ஒவ்வொரு துடிப்புக்கும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டம் ஒரே சீராக வருகிற இடம் நடுவில் எங்கோ இருந்தது. "இப்போ கேக்குதா சார்?" என்பார். எனக்குக் கேட்காது. "ஏன் மேஸ்திரி, நல்லா இருக்கும்போதே நிறுத்திட்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "தாண்டிப் போய்ட்டு வரணும் சார். தாண்டாம எப்படித் தெரியும்?" என்றார். எல்லாம் முடிந்தபின், ஸ்லோவைத் தணித்து, கைப்பிடியை இரண்டு முறை சட்டென்று முறுக்கி, வண்டி முக்காமல் எழுகிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியாக ஒரு மயிரிழை திருகை உள்ளே தள்ளுவார். விடியற்காலையில் கிக்கரை உதைக்கிறவனுடைய காலுக்காக அந்த மயிரிழை.

'தாண்டாம எப்படித் தெரியும்' என்ற அந்த வார்த்தையைத்தான் நான் இந்த மாதங்களில் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். நம் பாஷையில் பதம் என்று ஒரு சொல் இருக்கிறது. மண்ணுக்குப் பதம், மாவுக்குப் பதம், வைத்தியர் காய்ச்சுகிற தைலத்துக்குப் பதம்; கடிகாரத்தாலும் தராசாலும் முழுதாகப் பிடிபடாத, ஆனால் கைக்கும் கண்ணுக்கும் ஐயமின்றித் தெரிகிற ஒரு ஸ்திதியை அந்தச் சொல் குறிக்கிறது. தீபாவளிக்கு முன்னாள் என் தாயார் அதிரசத்துக்கு வெல்லப்பாகு வைக்கும்போது, ஒரு கிண்ணியில் தண்ணீரை வைத்துக்கொண்டு, அகப்பையிலிருந்து ஒரு சொட்டை அதில் விட்டு, இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. உருண்டு, அழுத்தினால் நசுங்கினால் பதம். அதற்கப்புறம் ஒரு நிமிஷம் அடுப்பில் இருந்துவிட்டால் பாகு முறுகிவிடும். அங்கே தாண்டிப் போய்த் திரும்பி வருவதற்கு வழியே இல்லை; சோற்றுக்கும் இல்லை, சூளைச் செங்கல்லுக்கும் இல்லை. தாண்டுவதற்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டிய பதம் அது. தம்புராவின் சுருதியும் இந்தத் திருகும் வேறு ஜாதி. என் பெரியம்மா தம்புராவின் தந்திக்கடியில் அந்த நூலை, ஜீவா என்பார்களே அதை, முன்னும் பின்னும் நகர்த்தி, நாதம் மலர்கிற இடத்தைத் தாண்டி, அது கறுத்துப்போவதைக் கேட்டு, மறுபடி மீட்டுக்கொண்டு வருவாள். திரும்பி வரமுடிகிறது என்பதனாலேயே இவற்றில் மனத்துக்கு ஓய்வில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பாகு முறுகிப்போனால் துக்கம் உண்டு, ஆனால் அத்துடன் தீர்ந்தது. வேறு வெல்லம் உடைக்கலாம். திருகு எப்போதும் அங்கேயே இருக்கிறது, எப்போதும் இன்னொரு கால் சுற்றுக்கு இடம் கொடுத்தபடி.

இந்த ஓய்வின்மை எனக்கு எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்கிறேன். சுத்தம் செய்த திருகை மறுபடி பொருத்தி, உட்கார வைத்து, வழக்கப்படி ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, வண்டியைச் சூடாக்கி, நானும் மேஸ்திரியைப் போலவே தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்கத் தொடங்கினேன். முதல் முறையிலேயே ஓரிடத்தில் துடிப்பு நன்றாக இறங்கி நின்றது. மார்கழி மாலை, வாசலில் யாரோ கோலத்துக்குத் தண்ணீர் தெளித்திருந்த மண்வாடையுடன் அந்தச் சப்தத்தைக் கேட்டது இப்போதும் ஞாபகத்தில் இருக்கிறது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது சரிதானா என்று உறுதி செய்துகொள்ளும்பொருட்டுத் தாண்டிப் போனேன்; போய்த் திரும்பி வந்தபோது அந்த இடத்தைக் காணவில்லை. அதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று விரல் சொல்கிறது, செவி மறுக்கிறது. இன்னொரு முறை போனேன். நாலைந்து முறைக்குப் பிறகு, முன்னே கேட்ட சப்தம் எப்படி இருந்தது என்பதே மறந்துபோய், இப்போது கேட்கிற சப்தத்துக்கு ஒப்பிட ஒன்றுமில்லாத ஒரு பாழ்வெளியில் நின்றேன். கண்ணுக்கு உள்ள ஞாபகம் செவிக்கு இல்லை; ஒரு சப்தம் அடுத்த சப்தத்தின்மேல் ஏறி அதை அழித்துவிடுகிறது. மறுவாரம், பிளஸ் டூ படிக்கிற என் மகளை அழைத்து, நான் சுவரைப் பார்த்து நிற்க, அவள் திருகைக் கால் சுற்று திருப்பவோ திருப்பாமல் சும்மா இருக்கவோ செய்து, என்னைக் கேட்கும்படி ஏற்பாடு செய்தேன். எட்டு முறை கேட்டாள். மூன்று முறை தவறாகச் சொன்னேன். தவறியதுகூடப் பெரிதல்ல. அவற்றில் இரண்டு முறை அவள் திருகைத் தொடவே இல்லை. நானோ சப்தம் தெளிந்துவிட்டது என்று மனப்பூர்வமாகச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தெளிவை நான் கேட்டேன் என்பது சத்தியம். இல்லாத ஒன்றை எப்படிக் கேட்டேன் என்பதற்கு, அது வேண்டும் என்று விரும்பியதைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதிலிருந்து வேறொரு சந்தேகம் கிளைத்தது. அது முந்தியதைவிட என்னை அதிகம் வருத்தியது. நான் இழந்துவிட்டதாகத் துக்கப்படுகிற அந்த மேஸ்திரியின் நிலை, யாருக்குச் சரியான நிலை? இன்ஜின் தன் முழு பலத்தையும் காட்டுவது 14.7இல் அல்ல, 12.5க்கும் 13க்கும் நடுவே, பெட்ரோல் சற்று ஓங்கிய கலவையில். மைலேஜ் மிகுவதோ 15.5, 16 என்கிற வறண்ட பக்கத்தில். புல்லட் வைத்திருக்கிறவர்கள் விரும்புகிற ஆழ்ந்த, இடைவெளிவிட்ட துடிப்பு பெரும்பாலும் கொழுத்த பக்கத்தைச் சேர்ந்தது. என் செவியும் அந்த ருசியில் வளர்ந்த செவிதான். பெட்ரோல் ஓங்கி, எரியக் காற்றுப் போதாமற்போனால், பாதி எரிந்தது கார்பன் மோனாக்சைடாக வெளியே வருகிறது. நிறமில்லை, வாசனையில்லை, கூட வருகிற எரியாத பெட்ரோலின் வாடையால் ஊகித்தால்தான் உண்டு. புகைப் பரிசோதனையில் இதைத்தான் அளக்கிறார்கள்: 2000க்கு முந்திய இருசக்கர வண்டிக்கு 4.5 சதவீதம் வரையில் அனுமதி, பிந்தியவற்றுக்கு அதைவிடக் குறைவு. அளப்பதும் வண்டி ஸ்லோவில் நிற்கும்போதுதான். அதாவது இந்தத் திருகு ராஜ்ஜியம் செய்கிற நிலையில்தான். என் வண்டி 1994இல் செய்தது. ஒரு வருஷம், வேறொரு பட்டறையில், பரிசோதனைக்குப் போவதற்கு முன்னால் திருகை முக்கால் சுற்று வெளியே எடுத்துவிட்டு, சான்றிதழ் வாங்கி வந்ததும் பழைய இடத்துக்கே தள்ளிக் கொடுத்தார்கள். நான் அருகில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை ஆட்சேபிக்கவில்லை. அந்த அரைமணி நேரம் நாக்கு வறண்டவன்போல் இருமிக்கொண்டு நின்ற வண்டி, பழையபடி கம்பீரமாகத் துடிக்கத் தொடங்கியதும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. காலையில் நான் வண்டியைக் கிளப்பிச் சூடேற்றும்போது எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்துவாள். சப்தத்துக்காகச் சாத்துகிறாள் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். அந்த அறையில் ஒரு கைக்குழந்தை தூங்கும் தூளி இருப்பதைப் போன மாதம்தான் பார்த்தேன்.

சரி என்பது இடம் மாறுகிற ஒன்று என்பதையும் இந்தத் திருகு எனக்கு முன்பே ஒருமுறை காட்டியிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. 2011இல் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினேன். குன்னூரைத் தாண்டியதும் வண்டிக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. துடிப்பு கனத்து, கைப்பிடியை முறுக்கினால் ஒரு கணம் தயங்கி, கறுத்த புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தது. 2,240 மீட்டர் உயரத்தில், ஊட்டியில், பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது, சமவெளியில் காப்பிப்பொடி நிறத்தில் இருந்த அதன் பீங்கானில் விரலில் ஒட்டுகிற கரி படிந்திருந்தது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஜெட்டின் வழியே வருகிற பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. திரும்பும்போது, கல்லாறு வரும் சமயத்தில், நான் ஒன்றும் செய்யாமலே வண்டி பழைய குரலில் பேசத் தொடங்கிவிட்டது. மலை என்றால் ஏறி இறங்கிவிடலாம். பெட்ரோலே மாறிவிட்டால் என்ன செய்வது? 2023 பிப்ரவரியில் தொடங்கிய இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது ஏறக்குறைய எல்லா பங்க்குகளிலும் வந்துவிட்டது. எத்தனால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே கொண்டுவருகிற வஸ்து. அது எரிய 9 பங்கு காற்றே போதும். ஆகவே இந்தப் புதிய கலப்புக்குச் சரியான விகிதம் 14.7லிருந்து ஏறத்தாழ 13.5க்கு இறங்கிவிட்டது. மேஸ்திரி 2019இல் எந்தப் பெட்ரோலுக்காக அந்தத் திருகை நிறுத்தினாரோ அந்தப் பெட்ரோல் இன்றைக்கு ஊரில் இல்லை. நான் தொடாமல் காத்துவந்த இத்தனை வருஷமும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக வறண்ட பக்கத்துக்கு நகர்ந்து வந்திருக்கவேண்டும். கைப்பிடியை விட்டதும் புகைக்குழாயில் பட்பட்டென்று வெடித்ததையும், சிக்னலில் நிற்கும்போது கால்முட்டியில் முன்னைவிட அதிகமாகச் சூடு தெறித்ததையும் வெயிலின்மேல் பழி போட்டிருந்தேன். அவருடைய நிலையை அப்படியே வைத்திருந்ததால், அவர் விரும்பியிருக்கக்கூடியதற்கு மாறாக நடந்துவந்தேன் என்றாகிறது.

2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் விற்பனைக்கு வந்த புதிய வண்டிகளில் அநேகமாக இந்தத் திருகே கிடையாது. என் தம்பியின் வண்டி அவ்வகையைச் சேர்ந்தது. புகைக்குழாயின் கழுத்தில் ஒரு சிறு உணர்கருவி, எரிந்து வருகிற வாயுவில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா என்று முகர்ந்துகொண்டேயிருக்கிறது. அது சொல்லுகிறபடி ஒரு மின்மூளை பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. அதற்கு ஊட்டியும் ஒன்றுதான், தண்டையார்பேட்டையும் ஒன்றுதான். அந்த யந்திரத்துக்குச் சந்தேகமே இராது, 14.7 என்றால் 14.7இல் போய் நிற்கும் என்று நான் கற்பனை செய்திருந்தேன். ஒருநாள் சர்வீஸ் செய்கிற பையன் ஒருவன் அந்த உணர்கருவியின் மின்னழுத்தம் திரையில் கோடாக ஓடுவதைக் காட்டினான். கோடு நேராக இல்லை. மேலே ஏறி, கீழே விழுந்து, மறுபடி ஏறி, அலையலையாக ஓடியது. சாதாரண வண்டிகளில் இருக்கிற அந்த உணர்கருவிக்கு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர வேறொன்றையும் சொல்லத் தெரியாது. எவ்வளவு என்று சொல்லத் தெரியாது. ஆகவே மின்மூளை கலவையைக் கொழுக்க வைத்து, 'இல்லை' என்று கேட்டதும் வறளவிட்டு, 'உண்டு' என்று கேட்டதும் மறுபடி கொழுக்க வைத்து, வண்டி ஓடுகிற நேரமெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் போய் வந்துகொண்டிருக்கிறது. ஒருபோதும் நடுவில் நிற்பதில்லை. நடுவைக் கடந்துகொண்டே இருக்கிறது. வேப்பமரத்தடியில் குட்டைத் திருப்புளியுடன் குந்தியிருந்த அந்த உருவத்தை நினைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றேன். அது களைப்பில்லாமல் தாண்டுகிறது. தான் விரும்புவதைக் கேட்கிற செவி அதற்கு இல்லை. ஆனால் விடியற்காலையில் உதைக்கிறவனுக்காக ஒரு மயிரிழை உள்ளே தள்ளுவது தயையினால் செய்கிற காரியமா, வெறும் கணக்கா என்று கேட்டால், குளிர்ந்த இன்ஜினுக்கு அதுவும் பெட்ரோலைக் கூட்டித்தான் கொடுக்கிறது, பலனில் வித்தியாசமில்லை. பலனில் வித்தியாசமில்லாதபோது மற்றதற்கு நான் ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறேன் என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் சமாதானம் பிறக்கவில்லை.

பொங்கலுக்கு அப்புறம் மேஸ்திரியுடன் போனில் பேசினேன். செய்யாறு பக்கத்தில் சொந்த ஊரில் இருக்கிறார். முதுகுவலி, கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. நடந்ததைச் சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பி, போனைக் கார்புரேட்டருக்கு அருகே பிடித்து, "எப்படி இருக்கு மேஸ்திரி?" என்று கேட்டேன். "போன்ல எல்லாச் சத்தமும் ஒண்ணாத்தான் சார் இருக்கு" என்றார். பிறகு, இத்தனை மாதம் தொண்டையில் நின்ற கேள்வியைக் கேட்டேன்: கடைசியாக எத்தனை சுற்றில் வைத்தீர்கள்? சிறிது நேரம் மாட்டின் கழுத்துமணிச் சப்தம் மட்டும் கேட்டது. "எண்ணுனதில்லயே சார்" என்றார். எனக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தவர் அவரல்லவா என்றேன். "அது கழட்டி மாட்டுறவங்களுக்கு சார். பசங்களுக்குச் சொல்றது. நான் எங்க எண்ணுனேன், வண்டி எங்க நிக்குதோ அங்க விட்டுருவேன்" என்றார். மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

போன ஞாயிறு மாலை மறுபடி உட்கார்ந்தேன். வண்டியை மணலி சாலை வரையில் ஓட்டிவிட்டு வந்து, புறங்கையால் செதில்களின் சூட்டைப் பார்த்து, ஸ்லோவைச் சற்று ஏற்றிக்கொண்டேன். வெளியே எடுத்தேன், மெலிந்தது. உள்ளே தள்ளினேன், கனத்தது. சப்தத்தை மட்டும் நம்பாமல், எத்தனையாவது கால் சுற்றில் அந்த வாடை எழுகிறது என்பதையும் இந்த முறை மூக்கால் கவனித்து வைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் நடுவே, வாடை அடங்குகிற ஓரத்தில் திருகை நிறுத்தினேன். எனக்குப் பழக்கமான அந்த ஆழம் துடிப்பில் இல்லை. கொஞ்சம் இலேசாக, கொஞ்சம் அவசரமாகக் கேட்டது. ஆம்ப்மீட்டர் முள் ஏறக்குறைய சீராகத்தான் ஆடியது. எத்தனை சுற்று என்று எண்ணி ஒரு பழைய நோட்டில் தேதியுடன் எழுதினேன்: ஒன்றரைக்குமேல் ஒரு கால் சுற்று. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தபடியே இருந்தது; உள்ளே யாரும் இல்லையோ என்னவோ. திருப்புளியைப் பெட்டிக்குள் வைக்காமல் வண்டியின் இருக்கைமேலேயே வைத்துவிட்டு, விடிந்ததும் குளிர்ந்த வண்டியை ஒருமுறை உதைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போனேன்.